ஒன்றின் மடக்கை

1

2024 ஜூனில் ஒரு நாள் மதியம் கல்விக்கடன் விண்ணப்பத்துடன் ஒரு பெண் என் மேஜைக்கு முன் வந்து உட்கார்ந்தாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பாடம், சமாதானமும் மோதலும் பற்றிய ஆய்வு. எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்: இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? கல்விக்கடன் மேஜையில் இது அசட்டுக் கேள்வி இல்லை. கொடுத்த பணம் திரும்பி வருமா என்று வங்கி ஊகிப்பதே இந்தக் கேள்வியைக் கொண்டுதான். அவள், "அது தெரியாது சார். எனக்கு இதைப் படிக்க வேணும்" என்றாள்.

விண்ணப்பத்தைப் புரட்டினேன். பிறந்தது தமிழ்நாட்டில். முகவரி, ஓர் இலங்கைத் தமிழர் முகாம். குடியுரிமை என்ற கட்டம் மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது. இந்தியக் குடிமக்களுக்கே கல்விக்கடன் என்பது விதி. 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை என்பது சட்டம். அவள் பெற்றோர் இருவரும் படகில் வந்தவர்கள். விதியை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்று தோன்றியது. ஒருவேளை இந்த வங்கியில் வேறுமாதிரி இருக்கலாம் என்று வந்திருக்கிறாள். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அதனுடன் பாடத்திட்டத்தின் பிரதி ஒன்றும் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. அதை மட்டும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அவள் சரி என்றாள்.

ஓராண்டுக்கும் மேலாக அந்த நகலில் இருந்த பெயர்களைப் பின்தொடர்ந்து படித்திருக்கிறேன். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். சமாதானம் என்பது மேடைகளிலும் தபால்தலைகளிலும் புறாவோடு வரும் ஒரு சொல் என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. அதை ஒரு பாடமாக்கி, தேர்வு வைத்து, பட்டம் கொடுக்க முடியும் என்பது முதலில் வேடிக்கையாகவே பட்டது. படித்த பிறகு வேடிக்கை போய்விட்டது. அந்தப் பாடத்தின் வரலாறு ஒரு நீண்ட சண்டையின் வரலாறு. எதை வன்முறை என்று எண்ணுவது, எந்தச் சாவைக் கணக்கில் சேர்ப்பது, எண்ணுகிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பது பற்றிய சண்டை அது. இந்தச் சண்டை தீராமலிருப்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம். அதை விட்டுவிட்டுக் கருவிகளை மட்டும் கற்றுத் தரும்போது அது செத்துப்போகிறது.

2

நகலில் முதல் பெயர் லூயி ஃப்ரை ரிச்சர்ட்ஸன். 1881இல் வட இங்கிலாந்தில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். குவேக்கர்கள் ஆயுதம் எடுப்பதில்லை. தொழிலால் இவர் வானிலை ஆராய்ச்சியாளர். 1916இலிருந்து 1919 வரை ஃப்ரான்ஸில், பிரெஞ்சுக் காலாட்படையோடு இணைக்கப்பட்ட குவேக்கர் ஆம்புலன்ஸ் பிரிவில் வண்டி ஓட்டினார். அந்தப் போர்முனையின் சேற்றைக் கல்லூரியில் எனக்குக் காட்டியவர்கள் ஆங்கிலக் கவிஞர்கள். அதே காலத்தில், காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கிய நேரம் போக மிச்ச நேரத்தில், ஒருவர் வைக்கோல் குவியல் மேல் உட்கார்ந்து நாளைய வானிலையைச் சமன்பாடுகளால் கணிக்க முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. 1917 ஏப்ரலில், ஷாம்பேன் சண்டையின்போது அவருடைய கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு கரிக் குவியலுக்கு அடியில் அகப்பட்டது. 1922இல் புத்தகமாக வந்தது. இன்றைய கணினி வானிலைக் கணிப்பின் மூலநூல் அதுதான்.

1920இல் பிரிட்டனின் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் வந்ததும் ரிச்சர்ட்ஸன் வேலையை விட்டார். தன் கணக்கு எந்தக் கைக்குப் போகிறது என்று யோசித்த முதல் மனிதர் அவராக இருக்க முடியாது. ஆனால் யோசித்து வேலையையும் விட்டவர்கள் குறைவு. பிறகு ஸ்காட்லாந்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வரானார். 1940இல், இன்னொரு உலகப்போர் நடந்துகொண்டிருக்கையில், போரைப் பற்றி ஆராய்வதற்காகவே முன்கூட்டி ஓய்வு பெற்றார். 1953இல் இறந்தார். போர்களைப் பற்றிய அவருடைய இரண்டு பெரிய புத்தகங்களும் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1960இல்தான் வெளியாயின.

அவற்றில் ஒன்று, சாவில் முடியும் சண்டைகளின் புள்ளிவிவரம். தலைப்பில் போர் என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போர், கலகம், கிளர்ச்சி, கலவரம் என்கிற பெயர்களெல்லாம் வென்றவன் வைப்பவை. 1857க்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் ஒன்று, நாம் வைத்த பெயர் வேறு. பெயர்களை ஒதுக்கிவிட்டு ரிச்சர்ட்ஸன் இறந்தவர்களை எண்ணினார். எண்ணிக்கையின் மடக்கையை அளவாகக் கொண்டார். பள்ளிக்கூடத்தில் பச்சை அட்டைப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துக் கண் வலித்த அதே மடக்கைதான். பத்துப் பேர் இறந்த சண்டையின் அளவு 1. நூறு பேர் என்றால் 2. ஆயிரம் என்றால் 3. ஒரு கோடிப் பேர் என்றால் 7. 1820இலிருந்து தொடங்கி நூற்றுக்கணக்கான சண்டைகளை இப்படி வரிசைப்படுத்தினார். 7ஆம் படியில் இரண்டு உலகப்போர்கள் மட்டும் நின்றன.

இந்த ஏணியின் கீழ்ப்படியில் தனிக் கொலைகளைச் சேர்த்தார். ஒருவனை ஒருவன் கொல்வதும் சாவில் முடியும் சண்டைதான். ஆனால் ஒன்றின் மடக்கை பூஜ்யம். ரிச்சர்ட்ஸனின் பட்டியலில் ஒரு மனிதனின் சாவுக்கு இடம் உண்டு, அளவு இல்லை. இதை அவருடைய குரூரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வரிசையாகக் கூட்டிப் பார்த்தபோது அவருக்கே வியப்பான ஒன்று தெரிந்தது: அதிகமான சாவுகள் ஏணியின் இரு முனைகளில்தான் இருந்தன. உச்சியில் உலகப்போர்கள், அடியில் பூஜ்யங்கள். நடுவில் இருந்த, சரித்திரப் புத்தகங்களில் நாம் தேதியோடு மனப்பாடம் செய்த போர்கள் எல்லாம் சேர்ந்தும் அவ்வளவு இல்லை.

இன்னொரு கணக்கு. இரண்டு நாடுகளுக்குப் பொது எல்லை எவ்வளவு நீளமோ அவ்வளவு சண்டை வருமா என்று பார்க்க விரும்பினார். எல்லைகளின் நீளத்தைத் தேடியபோது, ஸ்பெயினும் போர்ச்சுகலும் தங்களுக்கிடையே உள்ள ஒரே எல்லைக்கு 987 கிலோமீட்டர் என்றும் 1214 கிலோமீட்டர் என்றும் இருவேறு அளவுகள் தருவதைக் கண்டார். இருவரும் பொய் சொல்லவில்லை. அளக்கும் கோல் சிறியதாக இருந்தால் வளைவுகள் அதிகம் அகப்படும், எல்லை நீளும். 1967இல் மாண்டல்ப்ரோ என்ற கணித மேதை தன் பிரசித்தி பெற்ற கட்டுரையை எழுத இந்தக் குறிப்பு உதவியது. கணிதத்துக்கு அது ஒரு புதிய துறையின் வாசல். என் போன்றவனுக்கு அதில் வேறொரு பாடம் இருக்கிறது. நீளம் நிலத்தில் இருப்பதாக நினைக்கிறோம்; பாதி நீளம் கோலில் இருக்கிறது.

வன்முறைக்கும் அதே விதிதான். ரிச்சர்ட்ஸனின் கோல், சண்டையின் நேரடி விளைவாக வந்த பஞ்சத்தையும் நோயையும் சாவுக் கணக்கில் சேர்த்தது. சண்டை இல்லாமல் வந்த பஞ்சத்தையும் நோயையும் சேர்க்கவில்லை. அது ஏன் என்று கேட்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

3

அதற்கு முன் இந்தக் கணக்கு ஸ்தாபனம் ஆன கதையைச் சொல்லிவிட வேண்டும். 1957இல் அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் மோதல் தீர்வுக்கென்று ஓர் ஆய்விதழ் தொடங்கியது. கென்னத் போல்டிங் என்ற பொருளாதார அறிஞர் அதன் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர். அவரும் குவேக்கர். இரண்டு ஆண்டுகளில் ஆய்வு மையமும் வந்தது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இரண்டு வல்லரசுகளும் அணுகுண்டை அடுக்கிக்கொண்டிருந்தன. இருவரையும் சம எடையுள்ள இரு ஆட்டக்காரர்களாக வைத்து, எந்த நகர்வில் ஆட்டம் கைமீறும் என்று கணிப்பதே அன்றைய சமாதான ஆய்வு. அந்தக் காலத்துக்கு அது அவசரமான வேலைதான்.

1959இல் நார்வேயின் ஒஸ்லோவில் இன்னொரு நிறுவனம் தொடங்கியது. தொடங்கியவர் யோஹான் கால்ட்டுங். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது நாஜிகள் இவருடைய தகப்பனாரைக் கைது செய்தார்கள். இவரோ பின்னர் மனச்சாட்சியின் பேரில் ராணுவச் சேவையை மறுத்து ஆறு மாதம் சிறையிலிருந்தார். சிறையில் அவர் செய்த வேலை காந்தியைப் பற்றி எழுதுவது. தத்துவப் பேராசிரியர் ஆர்னெ நேஸுடன் சேர்ந்து அவர் எழுதிய, காந்தியின் அரசியல் அறம் பற்றிய புத்தகம் 1955இல் நார்வீஜிய மொழியில் வந்தது. இந்தத் துறையின் மேலைநாட்டு மூலவர்களில் ஒருவர் காந்தியிடமிருந்து தொடங்கினார் என்பதைக் காந்தி பக்தர்களுக்குப் பெருமையாகச் சொல்லலாம். எனக்கு அதைவிட, அவர் காந்தியிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்பது முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

1965இல் கால்ட்டுங் சிலி நாட்டின் சான்டியாகோவில் கற்பித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வுத் திட்டத்தில் சேரும்படி அழைப்பு வந்தது. ஒரு நாட்டுக்குள் உள்நாட்டுப்போர் மூள்வதற்கான அறிகுறிகளை முன்கூட்டியே கண்டறிவது எப்படி, அதைத் தணிக்க அரசு என்ன செய்யலாம் என்பது ஆய்வுப் பொருள். காகிதத்தில் பார்த்தால் சமாதான ஆய்வாளன் எவனும் மறுக்க மாட்டான். பணம் மட்டும் அமெரிக்க ராணுவத்தினுடையது. திட்டத்தின் பெயர் காமெலாட். கால்ட்டுங் மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல் சிலி நாட்டு நண்பர்களுக்கும் சொன்னார். விஷயம் பத்திரிகைகளிலும் சிலி பாராளுமன்றத்திலும் வெடித்தது. 1965 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகம் திட்டத்தைக் கைவிட்டது.

ரிச்சர்ட்ஸன் 1920இல் தனியாக எடுத்த முடிவை ஒரு முழுத் துறையும் எடுக்க வேண்டிய கட்டம் இது. மோதலைத் தணிப்பது நல்லதுதான். யாருக்காகத் தணிப்பது? கிளர்ச்சி செய்கிறவன் ஏன் கிளர்ச்சி செய்கிறான் என்று கேட்காமல், அவனை எப்படி அடங்க வைப்பது என்று மட்டும் கேட்கும் அறிவு, சமாதானத்தின் பெயரால் யாரிடம் சம்பளம் வாங்குகிறது?

1968இல் இதைக் கூச்சமில்லாமல் கேட்டவர் ஹெர்மன் ஷ்மிட் என்ற இளம் ஸ்வீடன் ஆய்வாளர். அவருடைய கட்டுரை வெளியானது கால்ட்டுங் 1964இல் தொடங்கிய ஆய்விதழிலேயே. வாதம் எளிமையானது. மோதுகிற இருவரும் சமபலம் உள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவில் நின்று பேசுவது சமாதான ஆய்வின் வழக்கம். பலம் சமமில்லாத இடத்தில் நடுவில் நிற்பது பலசாலியின் பக்கம் நிற்பது. அங்கே ஆய்வாளன் செய்ய வேண்டியது மோதலைத் தணிப்பதல்ல, மறைந்திருக்கும் மோதலை வெளியே கொண்டுவருவது.

4

அடுத்த ஆண்டு கால்ட்டுங் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. 1969இல் அவர் வாராணசியில், ராஜ்காட்டில் ஜெயப்பிரகாஷ் நாராயண் நிறுவிய காந்திய ஆய்வு நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். அங்கே நடந்த விவாதங்கள் அந்தக் கட்டுரையில் கலந்திருக்கின்றன. கங்கைக் கரையில் அவர் வந்து சேர்ந்த இடம் இது: ஒரு மனிதன் எவ்வாறு வாழக்கூடுமோ, எவ்வாறு வாழ்கிறானோ, இவ்விரண்டுக்கும் நடுவில் தவிர்க்கக்கூடிய இடைவெளி இருந்தால் அங்கே வன்முறை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவன் காசநோயில் செத்தால் அது விதி. மருந்து கண்டுபிடித்த பிறகும் ஒருவன் அதே நோயில் செத்தால் அது வன்முறை. கத்தி எடுத்தவன் யாரும் அங்கே இல்லை, இருந்தும் வன்முறை. இதை அவர் அமைப்பின் வன்முறை என்றார். துப்பாக்கிகள் ஓய்வது சமாதானத்தின் எதிர்மறைப் பாதி, இந்த இடைவெளி மூடுவது நேர்மறைப் பாதி என்று பிரித்தார்.

தமிழில் நமக்கு இந்தப் பிரிவினை சொற்களிலேயே இருக்கிறது, கவனிப்பதில்லை. அமைதி என்றால் சத்தம் இல்லாமலிருப்பது. வகுப்பில் வாத்தியார் அமைதி என்று கத்துவது நம் வாயை மூடத்தான். சமாதானம் என்பதற்கு இன்னும் வினோதமான வாழ்க்கை. தாமதமாக வந்தவன் சமாதானம் சொல்கிறான். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறோம், மிட்டாய் கொடுத்து. கேட்டது கிடைத்தால் குழந்தையைச் சமாதானப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. கிடைக்காதபோதுதான் சமாதானம். கால்ட்டுங்கின் எதிர்மறைச் சமாதானத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

போல்டிங்குக்கு இந்த விரிவு பிடிக்கவில்லை. 1977இல் கால்ட்டுங்குடன் பன்னிரண்டு நட்பான சச்சரவுகள் என்று ஒரு கட்டுரை எழுதினார். அமைப்பின் வன்முறை என்பது ஓர் உருவகம்தான், ஆய்வுக்கு அது உதவாது என்பது அவற்றில் முக்கியமானது. வறுமை உண்டாகும் விதம் வேறு, ஒருவன் இன்னொருவனை அடிக்கும் விதம் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டுமே புரியாமல் போகும்.

விமர்சனம் எழுதுகிறவன் என்ற முறையில் இதில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. போல்டிங் சொல்வது பாதி சரி. உருவகத்துக்கு எல்லை இல்லாவிட்டால் அது எதையும் குறிக்காது. எல்லாக் குறையும் வன்முறை என்றால் வன்முறை என்ற சொல்லே வீங்கிச் செத்துவிடும். வீங்கிச் செத்த சொற்கள் நம் கவிதையில் எத்தனை என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் உருவகம்தான் என்று தள்ளுவதும் சரியில்லை. இருக்கிற பெயரால் பார்க்க முடியாததைப் பார்க்க வைப்பதற்குத்தான் உருவகம். என் மேஜையில் அன்று நடந்ததற்குக் கால்ட்டுங் வரும்வரை எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணை யாரும் அவமதிக்கவில்லை. விதியை எழுதியவனுக்கு அவளைத் தெரியாது. மேனேஜர் நல்லவர், தகவல் கேட்டு வருத்தப்பட்டார். நானும் கெட்டவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தண்ணீர்கூடக் கொடுத்தேன். அவள் படிக்கக்கூடியதற்கும் படிக்கப்போவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி எங்கள் எல்லோருடைய மரியாதைக்கும் நடுவில் கச்சிதமாக விழுந்தது. அதன் கடைசிக் கை என்னுடையது. கால்ட்டுங்கின் கோட்பாட்டில் எனக்கு உள்ள குறையும் இங்கேதான். அமைப்பு செய்தது என்று சொல்லும்போது கையின் சொந்தக்காரன் தப்பித்துக்கொள்கிறான். அமைப்பை எதிர்த்த காந்தி, அமைப்பில் தன் கை எங்கே இருக்கிறது என்று தேடி அதை எடுத்துக்கொள்வதிலிருந்துதான் தொடங்கினார். ஒத்துழையாமை என்பதே அதுதான். கால்ட்டுங் காந்தியிடமிருந்து அமைப்பைப் பற்றிய கோபத்தை எடுத்துக்கொண்டார். கையைப் பற்றிய கேள்வி கட்டுரையில் மங்கிவிட்டது.

அந்த நிறுவனம் இருந்த ராஜ்காட் வளாகத்தில் சர்வ சேவா சங்கத்தின் கட்டடங்கள் 2023இல் புல்டோசர்களால் இடிக்கப்பட்டன. நிலம் தன்னுடையது என்றது ரயில்வே. கால்ட்டுங் அடுத்த ஆண்டு பிப்ரவரியில், தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார்.

5

பட்டப்படிப்பு எப்படி வந்தது? 1948இலேயே அமெரிக்காவின் இண்டியானாவில், போர் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட ஒரு திருச்சபையின் கல்லூரி இளங்கலையில் இதைத் தொடங்கிவிட்டது. ஸ்வீடனின் உப்ஸாலா பல்கலைக்கழகத்தில் 1971இல் துறை வந்தது. 1973இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், கம்பளி ஆலைகள் மூடிக்கொண்டிருந்த ஒரு தொழில் நகரத்தில், குவேக்கர்கள் திரட்டிய நிதியுடன் ஒரு பேராசிரியர் பதவி உருவாயிற்று. அதற்கு வந்தவர் ஆடம் கர்ல்.

கர்ல் மானுடவியல் படித்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், சிறைபிடிக்கப்பட்டுத் திரும்பி வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வீட்டோடு ஒட்ட முடியாமல் தவிப்பதை ஆராய்ந்ததில் தொடங்கினார். 1965இன் இந்திய–பாகிஸ்தான் போரை ஒட்டியும், 1967இலிருந்து 1970 வரை நடந்த நைஜீரிய உள்நாட்டுப்போரின்போதும் குவேக்கர் தூதராக இரு தரப்புக்கும் நடுவில் போய் வந்தார். 1980களில் இலங்கைப் பிரச்னையிலும் அப்படிப் போய் வந்தவர். 1971இல் சமாதானம் செய்வது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஷ்மிட் எழுப்பிய கேள்விக்கு நான் பார்த்தவரை உருப்படியான பதில் அதில்தான் இருக்கிறது.

கர்ல் காலவரிசையைக் கொண்டு பதில் சொல்கிறார். இரு தரப்பும் சமமில்லாத இடத்தில், நலிந்தவனுக்குத் தன் நிலை தெரியாவிட்டால் முதல் வேலை அவனுக்கு அதை உணர்த்துவது, அது கல்வி. உணர்ந்த பிறகு அடுத்த வேலை எதிர்த்து நிற்பது. எதிர்த்து நின்று ஓரளவு சமநிலை வந்த பிறகுதான் பேச்சுவார்த்தை. அதற்குப் பிறகே இருவரும் சேர்ந்து எதையாவது கட்டுவது. படியைத் தாண்டி முதலிலேயே பேச்சுவார்த்தைக்கு உட்கார வைத்தால் நலிந்தவன் சமாதானப்படுத்தப்படுவான், குழந்தைக்கு மிட்டாய் போல. குவேக்கர் ஒருவர், தூது போவதையே தொழிலாகக் கொண்டவர், தூதுக்கு முன் எதிர்ப்பு வேண்டும் என்று சொன்னதுதான் விசேஷம். 1990களில் முதுமையில் குரோஷியாவின் ஒஸியெக் நகரத்துக்குப் போய், குண்டு விழுந்த ஊரின் மக்களே தொடங்கிய சமாதான மையத்துக்குத் துணை நின்றார். 2006இல் மறைந்தார்.

இப்படிப்பட்ட பாடம் ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காது. 1984இல், ஏவுகணைத் தகராறும் தாட்சர் ஆட்சியும் உச்சத்திலிருந்தபோது, கரோலைன் காக்ஸும் தத்துவவாதி ரோஜர் ஸ்க்ரூட்டனும் சமாதானப் படிப்பு என்பதே கல்வி அல்ல, பிரசாரம் என்று ஒரு சிறுநூல் எழுதினார்கள். பிராட்ஃபோர்ட் தாக்குப்பிடித்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. எதிரிகள் ஓய்ந்தார்கள். ஐ.நா. 1980இல் தீர்மானம் போட்டு, 1948இலேயே ராணுவத்தைக் கலைத்துவிட்ட கோஸ்டாரிகாவில் சமாதானப் பல்கலைக்கழகம் நிறுவியது. 1986இல் ஹாம்பர்கர் வியாபாரச் செல்வத்திலிருந்து ஜோன் க்ராக் கொடுத்த நன்கொடையில் நோத்ர தாம் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவனம் வந்தது. 2004இல் தில்லியின் ஜாமியா மில்லியாவில் நெல்சன் மண்டேலா பெயரில் மையம் வந்தது. சோவியத் யூனியன் கலைந்த பிறகு உள்நாட்டுப்போர்கள் பெருகின. ஐ.நா.வுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். என் கேள்விக்கு, அதாவது என்ன வேலை கிடைக்கும் என்பதற்கு, பதில் கிடைத்தது.

பதில் கிடைத்ததும் பாடம் மாறியது. அந்தப் பெண்ணின் பாடத்திட்டத்தில் முதல் பருவத்தில் ரிச்சர்ட்ஸனும் கால்ட்டுங்கும் கர்லும் ஒரே தாளில் அடங்கிவிடுகிறார்கள். அதன் பின் மத்தியஸ்தத் திறன்கள், மோதலின் வரைபடம் தயாரித்தல், திட்ட அறிக்கை எழுதுதல், மதிப்பீட்டுக் குறியீடுகள். மோதல் மேலாண்மை என்று ஒரு முழுத் தாள். மேலாண்மை என்ற சொல்லை வங்கியில் தினமும் கேட்கிறேன். வராக்கடன் மேலாண்மை என்றால் கடன் வாங்கியவன் ஏன் கட்டவில்லை என்று கேட்பதில்லை, எப்படிக் கட்ட வைப்பது என்று கேட்பது. இந்தத் திறன்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. தீப்பற்றும்போது வாளி தூக்கத் தெரிந்தவன் வேண்டும். ஆனால் காமெலாட்டை மறுத்ததும் ஒரு திறன்தான். அதற்கு எந்தப் பருவத்தில் தேர்வு?

கணக்குப் பக்கத்திலும் ஸ்தாபனம் வளர்ந்தது. உப்ஸாலாவின் தரவுத்தொகுப்பை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். ஓர் ஆண்டில் சண்டையில் இருபத்தைந்து பேர் இறந்தால் அது ஆயுத மோதல், ஆயிரம் பேர் இறந்தால் போர். எங்காவது கோடு போடாமல் எண்ண முடியாது என்பது குமாஸ்தாவான எனக்குப் புரிகிறது. இருபத்துநான்கு பேர் இறந்த ஆண்டு அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. ரிச்சர்ட்ஸன் பூஜ்யத்திலிருந்து எண்ணினார்.

6

1959இல் இந்த ஆய்வு நிறுவனமான அதே ஒஸ்லோவிலிருந்து, நாற்பது ஆண்டுகள் கழித்து, மத்தியஸ்தர்கள் இலங்கைக்கு வந்தார்கள். 2002 பிப்ரவரியில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தம் ஆயிற்று. ஆறு சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தது. டிசம்பரில் ஒஸ்லோவில் கூட்டாட்சி பற்றி ஆராய இரு தரப்பும் இணங்கின. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திவைத்தார்கள். 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. 2011இல் நார்வே தன் முயற்சியைத் தானே மதிப்பிடச் சொல்லி வெளியிட்ட அறிக்கையின் தலைப்புக்கே சமாதானத்தின் பகடைக்காய்கள் என்று பொருள்.

நார்வேக்காரர்களுக்கு நல்லெண்ணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஷ்மிட்டின் கேள்வியை அவர்கள் கேட்டிருந்தால் போர் நின்றிருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். சரித்திரத்தில் அப்படிச் சொல்வது மலிவான புத்திசாலித்தனம். ஆனால் அந்த மேஜையில் யார் தரப்பு என்று எண்ணப்பட்டார்கள் என்பதைப் பார்க்கலாம். துப்பாக்கி வைத்திருந்த இருவர். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள் தனித் தரப்பாக உட்கார இடம் கேட்டும் கிடைக்கவில்லை. புலிகளோடு ஒத்துப்போகாத தமிழனுக்கும் இடமில்லை. சமமில்லாதவர்களுக்கு நடுவில் நிற்பதைப் பற்றி ஷ்மிட் எழுதினார். மேஜைக்கே வர முடியாதவர்களைப் பற்றி அவரும் எழுதவில்லை.

கடைசி மாதங்களில் புலிகள் மக்களைப் போக விடவில்லை. பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடங்களின் மேல் அரசுப் படை எறிகணை வீசியது. 2011இல் ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு இரண்டையும் எழுதியிருக்கிறது. நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றும் எழுதியது. 2012இல் ஐ.நா.வின் உள்விசாரணைக் குழு இன்னொன்று சொன்னது. சண்டை நடந்துகொண்டிருந்தபோதே களத்திலிருந்த ஐ.நா. ஊழியர்கள் சாவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்களை வெளியே சொல்ல ஐ.நா. தயங்கியது. எண்ணத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கோல் இருந்தது, ஏடும் இருந்தது. ரிச்சர்ட்ஸன் நூறாண்டு முன்பு வைக்கோல் மேல் உட்கார்ந்து தொடங்கிய வேலையில் குறைவு எதுவும் இல்லை. எண்ணியதை உரிய நேரத்தில் உரக்கச் சொல்லும் கைதான் இல்லை.

ஆகவே சமாதானத்தை முதுகலையில் படிப்பது வீணா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். யாராவது படிக்க வேண்டும். எண்ணக் கற்க வேண்டும். எண்ணும் கோலைச் சந்தேகிக்கவும் கற்க வேண்டும். எண்ணை மறைக்கச் சொன்னால் வேலையை விடவும் கற்க வேண்டும். மூன்றாவதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க முடியாது என்பார்கள். ரிச்சர்ட்ஸனின் வாழ்க்கையை ஒரு தாளாக வைத்தாலே போதும்.

அந்தப் பெண் பிறகு வரவில்லை. ஒருநாள், அவள் விண்ணப்பத்தை யார் கண்ணிலாவது படும்படி எழுதி வைத்திருக்கலாமே என்று தோன்றி, எங்கள் கிளையின் பதிவேடுகளைப் பார்த்தேன். வந்த விண்ணப்பங்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. நிராகரித்தவற்றுக்குக் காரணத்துடன் இன்னொரு பதிவேடு. அவளுடையது இரண்டிலும் இல்லை. வாங்காமலே திருப்பிக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிவேடு கிடையாது. கொடுத்தவன் நான்.